கம்பு எட்டுன தூரம்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைச்சது. பனியைத் தள்ளித் தள்ளியே இடுப்பு போச்சுன்னு எழுதியிருந்த. இங்க பங்குனி வெயிலு மண்டையைப் பொளக்குது. கீழமாசி வீதியில மத்தியானம் ஈ, காக்கா கிடையாது. சீர்ப் பாத்திரம் வாங்க யாராவது வந்தாத்தான் வியாபாரம், மத்தபடி ஓடுது.

டொராண்டோவுல உன் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் உன் கையில இருந்த பையைக் காட்டி "உது என்ன?"ன்னு கேட்டதும் முழிச்சியாமே. முழிக்காம என்ன செய்வ! "அ இ உ அம்மூன்றும் சுட்டு"ன்னு தொல்காப்பியத்தை ஒப்பிச்சு மார்க் வாங்குனதோட சரி, நம்ம பேச்சுல அந்த உகரம் எங்க இருக்கு? அவங்க விடாம வச்சிருக்காங்க. பேசுறவன் பக்கத்துல இருந்தா இது, கேக்குறவன் பக்கத்துல இருந்தா உது, ரெண்டு பேருக்கும் தள்ளியிருந்தா அது. ஜப்பான்காரங்களும் கோரே, சோரே, அரேன்னு இதே கணக்குலதான் பிரிக்கிறாங்களாம். சிங்களத்துல நாலு.

நமக்கு இருக்கிறது ரெண்டுதான். அந்த ரெண்டையும் சனங்க படுத்துற பாட்டைப் பாக்கணும்னா என் கல்லாவுல வந்து உக்காரு. ஒரு அக்கா வந்து நிக்கும். "அண்ணே, அந்தத் தூக்கு எடுங்க." நான் அலமாரியில ஒண்ணைத் தொட்டு "இதா?"ம்பேன். "அதில்லண்ணே, அதுக்கு அங்கிட்டு." எடுத்து மேசை மேல வச்சா, மூடியைத் திறந்து, அடியைத் தட்டிப் பாத்துட்டு, "இது என்ன விலை?" விலையைச் சொல்லுவேன். தூக்கு வச்ச இடத்துலயே இருக்கும், அந்தக்கா கையும் அது மேலதான் இருக்கும். ஆனா வாயில வர்றது, "அது வேணாம்ணே, வேற காட்டுங்க."

இன்னொரு கூத்து. வாளியெல்லாம் மேல உத்தரத்துல தொங்குதுல்ல, கடைப் பையன் கீழ நின்னு அண்ணாந்து பாத்து "அதுவாக்கா?"ன்னு கேப்பான். கொக்கிக் கம்பை எடுத்து வாளிக் காதுல மாட்டிட்டான்னா, "இதுவாக்கா?" வாளி இருக்கிற உயரம் மாறல, இவனும் நகரல.

இதை மககிட்டச் சொன்னேன். சைக்காலஜி படிக்கிறாள்ல, சிரிச்சுட்டு, இதையே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்கப்பான்னா. இங்கிலாந்துல கென்னி கோவென்ட்ரின்னு ஒருத்தர். ஞாபகசக்திப் பரிசோதனைன்னு சொல்லி ஆளுகளை உக்கார வச்சு, மேசை மேல கிட்டயும் தூரத்துலயும் பொருளை வச்சுச் சுட்டிச் சொல்லச் சொன்னாராம். கை எட்டுற வரைக்கும் 'இது' அதிகம், அதுக்கு அப்பால 'அது'. கையில ஒரு கோலைக் குடுத்துச் சுட்டச் சொன்னா 'இது' இன்னும் தள்ளிப் போயிருச்சு. 2008-ல வந்த கட்டுரை. நம்ம பையன் கம்பு கணக்கேதான்! அப்புறம் 2023-ல 29 மொழி, 874 பேர்னு பெருசாப் பண்ணி, கை எட்டுறது எட்டாததுங்கிற பிரிவினை எல்லா மொழியிலயும் இருக்குன்னு எழுதியிருக்காங்க. தன்னோட பொருளுன்னா 'இது' கூடுதலா வருதுங்கிறதையும் அவரு முன்னாடியே பாத்திருக்காரு. அப்ப அந்தக்கா வேணாம்னு முடிவு பண்ணதும் தூக்கு 'அது' ஆனதும் இந்தக் கணக்குல வருமோ என்னமோ. மக ஒத்துக்க மாட்டேங்குறா, எனக்கு அப்படித்தான் தோணுது.

ஆனா நம்ம ஊரு 'இந்தா'வை எந்த மேசையில வச்சு அளப்பாங்க? வெளியூர்க்காரர் ஒருத்தர் தெப்பக்குளம் எங்கிட்டுன்னு கேட்டாரு. எதிர்க்கடை அண்ணாச்சி, "இந்தா, காமராசர் சாலையில நேராப் போங்க, இங்கனதான்"னு அனுப்பி வச்சாரு. அந்த வெயில்ல மனுசன் என்ன பாடுபட்டாரோ. கேக்குறவரு மலைச்சுறக் கூடாதேன்னு சொல்றதுதான், அண்ணாச்சியைத் தப்பு சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்துக்காரர்கிட்ட எனக்காக ஒண்ணு கேட்டு எழுது. வீடியோ கால்ல பேரன் பொம்மையைக் காட்டுறான்னு வையி, அதை அவங்க 'உது'ம்பாங்களா, 'அது'ம்பாங்களா? பேரன் பக்கத்துல இருக்கு, ஆனா பேரனே கடல் தாண்டி இருக்கான். எங்க வீட்டுல நான் 'அது என்னடா'ங்குறேன், உன் தங்கச்சி போனை மூக்குகிட்ட வச்சுக்கிட்டு 'இது என்னடா'ங்குறா.

அப்புறம், "அன்னைக்குப் பாத்தமே, அந்த மாதிரி ஒரு செம்பு அனுப்பு"ன்னு எழுதியிருக்க. என்னைக்கு, எந்தச் செம்புடா? கடையில நாப்பது தினுசு இருக்கு. படம் எடுத்து அனுப்பு, இல்லாட்டி வரைஞ்சாவது அனுப்பு. கூரியர் காசு உன்னோடது.

உன் பழைய சேக்காளி