பதினேழா, பத்தொன்பதா?

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள மணி,

நலம். இங்கே ஒரே மழை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் சேற்றில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் பழைய லயத்தை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

டெக்சாசில் உன் மகன் கிளாக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறான், 17, 19, 26 இதில் எது தேவலை என்று கேட்டிருந்தாய். 1948இல் கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரைச் சுட்டு, மலாயா அவசரகாலமே தொடங்கிய ஊர்க்காரர்களுக்குள் துப்பாக்கிப் பேச்சா என்று சிரித்துக்கொண்டேன். இங்கே உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே கம்பி எண்ண வேண்டும். வேலையில் எனக்குக் கொடுத்தது முதலில் ரிவால்வர், பிறகு வால்தர் பிஸ்டல். கிளாக்கை ஆயுதக் கிடங்கில் பிரித்து மாட்டியிருக்கிறேன்.

அந்த நம்பர் தோட்டாவின் அளவு இல்லை. மூன்றும் சுடுவது 9 மில்லிமீட்டர்தான். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த 17தான் மூத்தவன்: குழல் 114 மி.மீ., தோட்டா அடைக்கும் மேகசினில் 17 தோட்டா. 1988இல் வந்த 19க்கு 102 மி.மீ., 15 தோட்டா. கடைக்குட்டி 26க்கு 87 மி.மீ., 10 தோட்டா. அண்ணன் மேகசின் தம்பிகளுக்குச் சேரும், அடியில் துருத்திக்கொண்டு நிற்கும்; தம்பியுடையது அண்ணனுக்கு எட்டாது.

சின்னதுதான் சுலபம் என்று உன் மகன் நினைத்தால் ஏமாந்துபோவான். 26ஐப் பிடித்தால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். எடை குறைவு, அதனால் உதை நன்றாகத் தெரியும். குறி பார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் தூரம் குறைவு என்பதால் கை கொஞ்சம் ஆடினாலும் குறி தவறும். சட்டைக்குள் மறைத்து வைப்பவனுக்கே அது. கிளப்பில் சுட்டுப் பழக மட்டும் என்றால் 17. என்னைக் கேட்டால் 19. முழுக் கையும் அடங்கும், இடுப்பிலும் உறுத்தாது. அதிலும் 2017இல் வந்த ஐந்தாம் தலைமுறையைப் பார்க்கச் சொல். பிடியில் இருந்த விரல் பள்ளங்களை எடுத்துவிட்டார்கள். உங்கள் குடும்பத்துக் கைக்கு அந்தப் பள்ளம் ஒத்துவராது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல். கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் சேப்டி பூட்டு வழக்கமாகக் கிடையாது. விசையின் நடுவில் ஒரு சின்ன நாக்கு, அதையும் சேர்த்து அழுத்தினால் வெடிக்கும். துடைக்கக் கழற்றும்போது விசையை இழுத்தே ஆக வேண்டும். மேகசினை உருவிவிட்டு, குழலுக்குள் கிடக்கும் ஒரு தோட்டாவை மறந்து சுவரைச் சுட்டவர்கள் உண்டு. மேலே நகரும் ஸ்லைடை இழுத்து, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்க்கட்டும்.

பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்கிறாய். பூட்டுப்பெட்டியை முதலில் வாங்கட்டும், துப்பாக்கி அப்புறம். தைப்பூசத்துக்கு வருகிறாயா, இல்லையா? அதை எழுது.

உன்,
சுப்பு