மதுரைப் புதிர் நடை: ஞாயிறு காலை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு விளக்குத்தூண் அருகே நமது புதிர் நடை தொடங்கும். நால்வர் கொண்ட ஒவ்வோர் அணிக்கும் முதல் துப்புச்சீட்டு அங்கேயே தரப்படும். விடையாக வரும் இடத்துக்கு நடந்தே சென்று, அங்குள்ள தூண்களை எண்ணியோ கல்வெட்டைப் படித்தோ சரியாக எழுதினால்தான் அடுத்த சீட்டு கிடைக்கும்.

மாதிரிக்கு ஒன்று: "கோட்டையை இடித்தவருக்கு ஒரு விளக்கு." 1840களில் பழைய கோட்டை மதிலை இடித்து நகரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிற்பதே நாம் கூடும் விளக்குத்தூண், அந்த மதில் நின்ற வரிசையில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன. மற்றவை இவ்வளவு எளிதல்ல.

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் கோயிலை மையமாக வைத்து உள்ளிருந்து வெளியே விரிவதை மனத்தில் கொண்டால் வழி தவறாது. ஆகவே கைபேசி வரைபடத்துக்கு அனுமதியில்லை. சென்ற முறை ஓர் அணி அதைப் பார்த்தபடியே நடந்து, தலைக்கு மேலே நின்ற பத்துத்தூணைக் கவனிக்காமல் துணிக்கடைகளைத் தாண்டிப் போய்விட்டது.

தண்ணீர்ப் புட்டியும் பேனாவும் அவசியம். வருவோர் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயரைப் பதிவு செய்யவும்.