புண் இல்லாததும் குற்றமா, அப்பா?

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "அங்கே வைத்தியம் எல்லாம் இலவசமாமே, பிறகு உன் இல்லத்துப் பெரியவர் எதற்காக வீட்டை விற்க வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் 'நர்சிங் ஹோம்' நம்மூரைப் போலப் பிரசவம் பார்க்கும் இடம் இல்லை. எழுந்து நடமாட முடியாதவர்கள் கடைசிவரை தங்கும் இல்லம். நோய்க்கு வைத்தியம் இலவசம்தான். ஆனால் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் 'பராமரிப்பு' என்ற கணக்கில் போய்விடும். அதற்கு வசதி பார்ப்பார்கள். 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் செலவு அவரவர் தலையில். தனியாக வாழ்ந்தவர் என்றால் பொதுவாக வீடும் சொத்துக் கணக்கில் சேரும்.

நோயா, பராமரிப்பா என்று கோடு கிழிப்பது வட்டாரச் சுகாதார வாரியம். 2022 ஜூலை 1 அன்று இங்கிலாந்து முழுவதற்குமாக 42 வாரியங்களை அமைத்தார்கள். வாரியம் ஊசி போடாது, ஆஸ்பத்திரி நடத்தாது. அரசுப் பணத்தைக் கொண்டு தன் வட்டாரத்து மக்களுக்கு வேண்டிய வைத்தியத்தை ஏற்பாடு செய்து தருவதே அதன் வேலை. மக்களின் நியாயமான தேவைகளுக்கு அவசியம் என்று 'தான் கருதும் அளவுக்கு' ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாலுகா அலுவலகத்தில் இப்படி ஒரு வரி உங்கள் மேஜைக்கு வந்திருந்தால் அந்த மூன்று சொற்களைச் சிவப்பு மையில் சுழித்திருப்பீர்கள்.

இல்லத்துச் செலவு விஷயத்தில் மட்டும் அந்தச் சொற்கள் விடும் ஓட்டை சிறியது. ஒருவருக்கு இருப்பது முதன்மையாக உடல்நலத் தேவை என்றால் முழுச் செலவும் வாரியத்துடையது. சொத்துக் கணக்கே கிடையாது. தன்னிடம் பணம் இல்லை என்ற காரணத்தை வாரியம் தீர்மானத்துக்குள் கொண்டுவரவும் கூடாது. எக்ஸிடர் நகரத்தில் பமீலா காக்லன் என்று ஒரு பெண்மணி, விபத்தில் கைகால் செயலிழந்தவர். ஆயுள் முழுவதும் இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்துக் குடியமர்த்திய இல்லத்தையே மூடப் பார்த்தார்கள். வழக்காடி 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். நோயா, பராமரிப்பா என்ற கோட்டையும் அந்தத் தீர்ப்பு தொட்டது. இன்றும் இந்தக் கோட்டைப் பற்றி யார் பேசினாலும் அவர் பெயர் வராமல் இருக்காது.

இனி நம் பெரியவர். பெயரை எழுதக்கூடாது, வேலை போய்விடும். பக்கவாதம் வந்தவர். தண்ணீரைக்கூடக் கூழ்ப்பதமாக்கி ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், இரண்டு பேராகப் புரட்டிப் படுக்கவைத்து, நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு நானும் போனேன். மூச்சு, உணவு, தோல், நடமாட்டம், நினைவு என்று படிவத்தில் 12 தலைப்புகள். தோல் வந்ததும் மதிப்பீட்டாளர் கேட்டார்: "படுக்கைப்புண் இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தேவை 'குறைவு' என்று குறித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாகத் தூக்கம் கெட்டுப் புண் வராமல் காத்தது அவருக்கே எதிராகப் போய்விட்டதே! நல்ல கவனிப்பால் கட்டுக்குள் இருக்கும் தேவையும் தேவைதான் என்று அரசின் வழிகாட்டு விதியிலேயே இருக்கிறது. அதைச் சொன்னேன், புரட்டிய நேரங்களை எழுதிய அட்டவணைகளையும் எடுத்து வைத்தேன். குறித்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு முன்பே அனுப்பும் முதற்கட்டப் படிவம் வாரியத்துக்குப் போன 28 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 41ஆம் நாள் கடிதம் வந்தது: தகுதி இல்லை.

அவருடைய மகள் அழுதாள், பிறகு கோபப்பட்டாள். ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். முதலில் வாரியத்திடமே, அதிலும் ஆகாவிட்டால் தேசிய அளவிலான தனிக்குழுவிடம், அதற்கும் மேலே குறைதீர்ப்பாளர். காரணத்தை எழுத்தில் தர வாரியம் கடமைப்பட்டது என்பதால் பிடித்துப் பேச ஏதாவது இருக்கிறது. காரணம் எழுதாத உத்தரவுகளை நீங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள்!

நேற்று அவள் தன் மனுவைக் கொண்டுவந்து காட்டினாள். எட்டுப் பக்கம், முழுவதும் கோபம். தேதி மூன்றே மூன்று. முதியோர் பென்ஷன் மனுக்களை வாசலிலேயே உட்கார்ந்து திருத்திக் கொடுப்பீர்களே, அந்த ஞாபகத்தில் நானும் பென்சிலை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தலைப்புக்கும் எங்கள் அட்டவணையிலிருந்து நாளும் நேரமும் எடுத்துச் சேர்க்கிறோம். அட்டவணை நகலை முறையாக எழுதிக்கேட்டு வாங்கிக்கொண்டாள். என் மேலாளருக்கும் தெரியும். "கூட்டத்தில் சொன்னதைத்தானே எழுதுகிறாய்" என்றார்.

ஒரு சந்தேகம். கூட்டத்தில் நான் சொன்ன ஆட்சேபத்தை மனுவில் முதலில் வைப்பதா, கடைசியிலா? உடனே பதில் போடுங்கள். அம்மாவிடம் பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்