நடக்காத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு கணக்கு

பென்னாகரம்,
ஐப்பசி 24.

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சித்தி நேற்றுகூடக் களியும் கீரைக் கடைசலும் கொடுத்தனுப்பினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "இல்லாத விமானத்துக்கு ஏன்ப்பா இவ்ளோ கணக்கு பாக்கறீங்க? எந்தக் கலர் அடிச்சாலும் தப்புன்னு யார் சொல்லப்போறா?" என்று. மழைச் சத்தத்தில் சரியாகப் பேச முடியவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டு வேலை செய்தேன். எழுதினால்தான் சொல்ல வரும் என்று தோன்றியது.

நீ அனுப்பிய டமியா கம்பெனி பிளாஸ்டிக் மாடல் கிட் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஃபேரி ஸ்வார்ட்ஃபிஷ், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை ஓட்டிய இரட்டை அடுக்கு இறக்கை விமானம், 48-ல் ஒரு பங்கு அளவில். நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 13.87 மீட்டர். இங்கே 29 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அம்மாவின் தையல் மிஷின் மேஜைதான் பட்டறை. அதன்மேல் கிருஷ்ணகிரி ரோட்டில் கல் அறுக்கும் இடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு ஒன்றைப் போட்டிருக்கிறேன். இரண்டு இறக்கையும் ஒன்றுக்கொன்று கோணாமல் நிற்கவேண்டும் என்றால் அடியில் இருக்கும் தளம் மட்டமாக இருக்கவேண்டும். அந்தக் கல்லைவிட மட்டமான பொருள் நம் வீட்டில் இல்லை.

நீ இருக்கும் பிரிஸ்டலில்தான் இதன் எஞ்சின் பிறந்தது, தெரியுமா? பிரிஸ்டல் பெகாசஸ். ஒன்பது சிலிண்டர் வட்டமாக நிற்கும், 690 குதிரைத்திறன். எஞ்சினுக்கு மட்டும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். கொச்சியில் கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் கருடாவிலும் பிறகு விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலும் அலிஸே என்ற கடற்படை விமானத்தின் எஞ்சினைப் பிரித்துச் சேர்த்த கை இது. குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு குழாயை ஒட்ட மனம் வராது.

இப்போது கதைக்கு வருகிறேன். இந்திய கடற்படைக்கு விமானப் பிரிவு வந்தது 1953-ல். அந்த வருஷம் மே மாதம்தான் கருடா தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது இருந்த ராயல் இந்தியன் நேவியில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், ஆனால் அந்தக் கடற்படைக்கென்று ஒரு விமானம்கூடக் கிடையாது. இங்கேதான் நான் ஒரு விஷயத்தை மாற்றுகிறேன். ஹெர்மீஸ் என்று பிரிட்டிஷாருக்கு ஒரு சின்ன விமானந்தாங்கிக் கப்பல் இருந்தது. 1938-ல் அதைப் பயிற்சிக் கப்பலாக டேவன்போர்ட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் அதை ராயல் இந்தியன் நேவியிடம் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள். ஓட்டவும் பழுது பார்க்கவும் நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள். அப்படியானால் 1942 ஏப்ரலில் வங்காள விரிகுடாவில் பறந்த ஸ்வார்ட்ஃபிஷ் எப்படி இருந்திருக்கும்? என் மேஜையில் இருப்பது அந்த விமானம்.

மாற்றுவது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும். அதனால்தான் கணக்கு.

சின்ன உதாரணம் சொல்கிறேன். இறக்கையில் போடும் வட்டச் சின்னம். ஆசியாவில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டத்திலிருந்து நடுச் சிவப்பைப் பிறகு எடுத்துவிட்டார்கள், ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம் என்று நினைத்து நம்மவர்களே சுட்டுவிடக்கூடாது என்று. நீலமும் வெளிர்நீலமும்தான் பார்க்க அழகு. ஆனால் 1942 ஏப்ரலில் சிவப்பு இன்னும் இருந்தது. அடித்த பெயிண்டைச் சுரண்டிவிட்டுச் சிவப்பு வைத்தேன். இன்னொன்று, கீழ் இறக்கையின் மேற்பக்கத்துக்கு மேல் இறக்கையைவிட வெளிறிய சாயம். மேல் இறக்கையின் நிழல் அதன்மேல் விழும் அல்லவா, அதைச் சரிக்கட்டத்தான் அப்படி அடித்தார்கள். நான்கு சாம்பல் நிறம் கலந்து கலந்து, எந்தச் சாம்பல் எது என்று கண் மயங்கிவிட்டது.

கம்பி கட்டிய கதையை உனக்கு நீளமாகத்தான் சொல்லவேண்டும். தாத்தாவை நினைக்காமல் அந்த வேலையைச் செய்யவே முடியவில்லை.

ஊட்டமலையில் தாத்தா பரிசல் கட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டை எடுத்துக் கொடுப்பேன். ஒரு மூங்கில் பட்டையைத் தனியாகப் பிடித்தால் குழந்தைகூட வளைக்கும். குறுக்கும் நெடுக்கும் பின்னி, விளிம்பு கட்டி முடித்தபிறகு நாலு பேர் ஏறி நின்றாலும் அசையாது. அதன்மேல் அந்தக் காலத்தில் தோல், பிறகு தார் பூசிய சாக்கு, இப்போது பிளாஸ்டிக். ஸ்வார்ட்ஃபிஷும் அதே வேலைதான். உலோகச் சட்டம், மேலே துணி. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில் கால்கள். அந்தக் கால்கள் சாயாமல் இருக்க மூலைக்கு மூலை கம்பி. கம்பிக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் வேண்டும். உடம்பின் அடியிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கம் போகும் கம்பி, பறக்கும்போது இறக்கை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிக்கும். மேல் நடுவிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பக்கம் இறங்கும் கம்பி, தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் பிடிக்கும். இரண்டையும் இடம் மாற்றிக் கட்டிய மாடலைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இதற்கு 'ஸ்ட்ரிங்பேக்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. இந்தக் கம்பிகளைப் பார்த்து வைத்தது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. வீட்டுப் பெண்கள் சந்தைக்கு எடுத்துப்போகும் வலைப்பை மாதிரி எதைத் திணித்தாலும் சுமக்கும் என்பதால் வந்த பெயர். டார்பிடோ, குண்டு, கண்ணிவெடி, எதுவானாலும்.

நம் ஊர்ப் பொருளாலேயே கம்பி கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாலக்கோடு பக்கம் பட்டு நூற்பு வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் சாயம் போடாத பச்சைப் பட்டு நூல் வாங்கிவந்து, மெழுகு தேய்த்து, ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினேன். ஒன்பது நாள். வீணைத் தந்தி மாதிரி நின்றது. ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது நாள் காலையில் பார்க்கிறேன், கொடிக்கயிறு மாதிரி எல்லாம் தொய்ந்து கிடக்கிறது. பட்டு ஈரத்தை இழுக்கும், இழுத்தால் நீளும். பட்டுப்புழு வளர்க்கும் ஊரில் பிறந்துவிட்டு அது எனக்குத் தோன்றவில்லையே என்று அன்றைக்கு முழுக்க வருத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன்.

இப்போது கிட்டிலேயே பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் குச்சியை அகல்விளக்கில் காட்டி இளக்கி, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுக்கிறேன். முடிபோல நீண்டு வரும். அளவு பார்த்து வெட்டி, அம்மாவின் ஊசி நுனியில் பசை தொட்டு வைத்து, காய்ந்தபிறகு எரியும் ஊதுவத்தியைத் தொடாமல் கிட்டே கொண்டுபோனால், தானே சுருங்கி விறைத்துக்கொள்கிறது. ஒரு இமை கூடுதலாகக் காட்டினால் அறுந்துபோகும். தாத்தா நனைந்த பட்டையை விரலால் சுண்டிப் பார்ப்பார், ஞாபகமிருக்கிறது. நானும் மூச்சுவிட்டுப் பார்க்கிறேன், கம்பி அதிர்கிறதா என்று.

உன் கேள்விக்கு இனித்தான் பதில். மாடல் கட்டுகிற சிலர், 'இப்படி நடந்திருந்தால்' என்று தொடங்கினால் தங்கள் விமானத்தை ஜெயிக்க வைத்துவிடுவார்கள். எனக்கும் முதலில் அந்த ஆசை வந்தது. நிஜத்தில் நடந்தது இதுதான்: 1942 ஏப்ரல் 5-ந்தேதி கொழும்பு பக்கம் டார்பிடோ சுமந்துவந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ், ஜப்பானின் ஜீரோ என்ற சண்டை விமானங்களின் கண்ணில் பட்டன. ஆறும் விழுந்தன. நாலு நாள் கழித்து மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மீஸ் மூழ்கியது. அப்போது அதன் மேல்தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. முந்நூறு பேருக்கு மேல் போனார்கள்.

என் கதையில் தளத்தில் விமானம் இருக்கிறது, நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்வார்ட்ஃபிஷின் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர் சொச்சம்தான். ஜீரோ 500-க்கு மேல். கப்பலை யாரிடம் கொடுத்தார்கள் என்பதை நான் மாற்றியதால் அந்த இரண்டு எண்ணும் மாறிவிடாது. எத்தனை தடவை போட்டுப் பார்த்தும் என் விமானம் திரும்பி வரவில்லை, கண்ணு. அந்த மூன்று இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும்தான் மாறுகிறது. அது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது, சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வருஷத் திதியன்று போனில் நீ, "நான் அங்கயே இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாய். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அப்புறம் அதைப் போட்டுப் பார்த்தேன், இதே மாதிரி ஒன்றை மட்டும் மாற்றி. நீ ஓசூர் வேலையை விடவில்லை, இங்கேயே இருக்கிறாய். ராத்திரி இரண்டே கால் மணிக்கு அம்மா கூப்பிடுகிறாள். ஓசூரிலிருந்து நீ கிளம்பி வர இரண்டு மணி நேரம். அவள் இருந்தது அரை மணி. பக்கத்து வீட்டுக் கார் வந்ததும் அதே நேரம், தர்மபுரி ரோடும் அதே தூரம். நூறு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். மாறவில்லை. நீ அதைச் சுமக்க வேண்டாம்.

நீ வரும் தை மாதத்துக்குள் புரொபெல்லரும் வால்பக்கக் கொக்கியும்தான் பாக்கி இருக்கும். வால்துடுப்பில் சின்னதாக ஒரு சின்னம் வரைந்திருக்கிறேன். மேலிருந்து பார்த்த பரிசல், ஒரு துடுப்பு. சிவப்பு வட்டத்தோடு போட்டி போடாமல் வெறும் வெள்ளைக் கோடு.

அங்கே கிடைத்தால் மூன்று சைபர் நம்பர் பிரஷ் இரண்டு வாங்கி வா. முடி பிரியாததாகப் பார். வார்னிஷ் வேண்டாம், விமானத்தில் விடமாட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அளவு எடுத்துவிட்டேன், 36-க்கு 30, உயரம் 15 சென்டிமீட்டர். இறக்கையை மடக்காமல் விரித்தபடியே வைக்கப்போகிறேன், கம்பி தெரியவேண்டும். பெட்டியை எங்கே வைப்பது என்று மட்டும் முடிவு பண்ணவில்லை. தையல் மிஷினை அங்கிருந்து நகர்த்தலாமா என்று நீதான் சொல்லவேண்டும்.

அன்புடன்,
அப்பா