ஹிரோஷிகேயைக் கேட்டால் வான்கோவை அனுப்புவதா?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 'ஷின் ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை', 60×90 செ.மீ., கையால் வரைந்த பிரதி – இரண்டு முறையும் தவறாக வந்தது குறித்து

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது என் ஏழாவது கடிதம். முந்தைய ஆறுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதில். இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்புகிறேன்.

நான் கேட்டது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டு மரச்செதுக்கு அச்சுப்படத்தின் பிரதி. உங்கள் தளத்தில் போட்டிருக்கும் படமும் அதுதான். முதலில் வந்ததோ, அதைப் பார்த்து டச்சு ஓவியர் வான்கோ 1887இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியதன் பிரதி. சுற்றிலும் ஜப்பானிய எழுத்து நிரப்பிய ஓரப்பட்டை மூலத்தில் கிடையாது. வேறு அச்சுப்படங்களில் இருந்த எழுத்துகளைப் பார்த்து வான்கோ சேர்த்தது. பிரதி விற்பதே தொழிலாக இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் சேவைப் பிரிவில் போனை எடுத்தவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்ன பதில்: "ரெண்டும் அதே பாலம்தானே சார்? வான்கோன்னா ரேட் ஜாஸ்தி. உங்களுக்கு லாபம்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். இணைப்பையும் துண்டித்தார்.

அதைத் திருப்பிக் கொடுக்க 18 கி.மீ. தள்ளியிருக்கும் கூரியர் கிடங்குக்கு மூன்று முறை போனேன். முதல் நாள் உங்களிடமிருந்து பிக்கப் எண் வரவில்லை என்றார்கள். அடுத்த முறை எண் இருந்தது, ஒரு மீட்டருக்கு மேல் நீளமான குழாயை வாங்க மாட்டோம் என்றார்கள். அந்தக் குழாயில் போட்டு அனுப்பியதே நீங்கள்தான்! மூன்றாவது முறைதான் வாங்கினார்கள்.

மாற்றாக வந்ததைப் பற்றி இனி. இது ஹிரோஷிகேதான், மறுக்கவில்லை. தெப்பம் தள்ளுகிறவரை உங்கள் ஓவியர் அழகாகவே வரைந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மழை? மூலத்தில் மழைக்கோடுகள் கருஞ்சாம்பல் நிறம். சற்றே வேறு சாய்வில் இரண்டு வரிசையாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டது. அந்த இரண்டு சாய்வும் குறுக்கிடுவதால்தான் மழை அடித்துப் பெய்வதுபோல் தெரிகிறது. நீங்கள் அனுப்பியதில் எல்லாக் கோடும் ஒரே சாய்வு, அதுவும் வெள்ளையில், 3 மி.மீ. தடிமனில். அடிவண்ணம் காய்வதற்கு முன்பே இழுத்திருக்கிறார்கள். தூரிகை கீழிருந்த நீலத்தையும் இழுத்துக்கொண்டு வந்து பாதிக் கோடுகள் சேறாகக் கிடக்கின்றன. அடிவண்ணம் முழுக்கக் காய்ந்த பிறகு, நீண்ட மயிர் கொண்ட கோட்டுத் தூரிகையில் நீர்க்க வண்ணம் எடுத்து, கையைத் தாங்குகோலில் ஊன்றி, ஒரே இழுப்பில் போட வேண்டிய கோடுகள் இவை. இந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் 1 மி.மீ. தாண்டினால் மழை மூங்கில் தட்டியாகிவிடும்.

மேலே இருக்கும் கருமேகம் இன்னொரு கொடுமை. ஹிரோஷிகேயின் அச்சில் அது கரைந்து இறங்குகிறது. செதுக்கிய அச்சுக்கட்டையை ஈரமாக்கி, அச்சடிப்பவர் மையைக் கையாலேயே பரத்தித் தேய்ப்பதால் விளிம்பு மேடும் பள்ளமுமாக வரும். பொகாஷி என்பார்கள்; உங்கள் பொருள் விவரத்திலேயே அந்தச் சொல்லைப் போட்டுத்தான் விற்கிறீர்கள். வந்ததோ, அளவுகோல் வைத்து அடித்த கறுப்புப் பட்டை. போதாததற்கு எதிர்க்கரையை நேராக்கிவிட்டார்கள். அந்தக் கரை சாய்ந்துதான் இருக்க வேண்டும் ஐயா! பாலம் ஒரு பக்கமும் கரை ஒரு பக்கமும் சாய்வதில்தான் படத்தின் உயிரே இருக்கிறது.

"ரெண்டும் அதே பாலம்தானே." மறக்க முடியவில்லை.

குழாயைத் திறந்தபோது டர்பன்டைன் நெடி அடித்தது. எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. இவ்வளவு தடிமனுக்கு மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் அதன்மேல் உடனே பளபளப்பு வார்னிஷையும் பூசி, வண்ணப் பக்கம் உள்ளே வரும்படி, 5 செ.மீ. குழாயில், செய்தித்தாள் சுற்றி அடைத்திருக்கிறீர்கள். செய்தித்தாள் படத்தின் ஆற்றுப் பகுதியில் ஒட்டிக்கொண்டது. பிய்த்ததில் வண்ணமும் வந்துவிட்டது. வண்ணம் வெளிப்பக்கம் வரும்படி, ஒட்டாத தாள் வைத்து, குறைந்தது 10 செ.மீ. குழாயில் சுற்ற வேண்டும் என்பது உங்கள் பொதி கட்டுபவர்களுக்கா தெரியாது? மூலம் பளபளப்பில்லாத, கையால் செய்த தாளில் அச்சானது. அதற்குப் பளபளப்பு எதற்கு என்பது தனிக் கேள்வி.

ஓரத்தில் வெற்றுக் கேன்வாஸ் 1 செ.மீ.தான் விட்டிருக்கிறீர்கள். சட்டத்தில் இழுத்துக் கட்ட நாலாபுறமும் 5 செ.மீ. வேண்டும். ஆணி அடித்தால் படத்தில் தலைப்பு எழுதியிருக்கும் பெட்டியிலேயே இறங்கும் என்று ஃப்ரேம் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். சட்டத்துக்குக் கொடுத்த முன்பணம் 3,200 ரூபாய் போனது போனதுதான். படத்தின் விலை 14,800 என்றாலும், அலைச்சல், விடுப்பு, மன உளைச்சல், ஐந்து மாதமாக வெறுமையாக நிற்கும் சுவர் எல்லாம் சேர்த்தால் என் நஷ்டம் ஒரு லட்சத்துக்குக் குறையாது.

தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் 14,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, படத்தை என் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பிரதி வேண்டாம். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: திறக்கும்போது எடுத்த வீடியோ, கோடுகளின்மேல் அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், இரண்டு ரசீதுகள் இணைப்பில் உள்ளன. அந்தத் தொலைபேசி உரையாடலை 'தர மேம்பாட்டுக்காக' நீங்களே பதிவு செய்வதாக ஆரம்பத்தில் அறிவிப்பு வந்தது. அதை ஒரு முறை போட்டுக் கேளுங்கள்.