துவரையை வெட்டாதீர்கள்: எங்கள் பிளாட் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு கோத்தோங் ரோயோங்கில், அதாவது எல்லாரும் சேர்ந்து செய்த துப்புரவு வேலையில், நடந்தது உங்களுக்கே தெரியும், புல்வெட்டும் மெஷினோடு வந்ததே நீங்கள்தான். பிளாட்டுக்குக் கீழே நாங்கள் போட்டிருக்கும் தோட்டத்தில் கீரைப் பாத்திகளுக்கு நடுவே நின்ற துவரை மொத்தமும் போய்விட்டது. காடு மாதிரி இருக்கிறதாம். சரி, காடுதான். ஆனால் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும் என்பதும், தண்ணீர் பில் ஏறுகிறது என்று தோட்டத்துக் குழாய்க்குப் பூட்டுப் போட்டது யார் என்பதும் நீங்கள் அறியாததா?

பூட்டு விழுந்ததிலிருந்து தண்ணீர் வீட்டிலிருந்துதான் இறங்குகிறது. லிஃப்ட் ஓடாத நாளில் எட்டாம் மாடிப் பாட்டி ஒரு கையில் வாளியும் ஒரு கையில் படிக்கட்டுக் கம்பியுமாக, மாடிக்கு மாடி வாளியை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு வருவார், கீழே வருவதற்குள் பாதித் தண்ணீர் படியிலேயே சிந்தியிருக்கும். மிச்சத்தில் கீரை எத்தனை நாள் தாங்கும்?

துவரை நட்டதே அதற்குத்தான். கீரை வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். துவரையின் ஆணிவேர், மண் இடங்கொடுத்தால், ஒரு மீட்டரைத் தாண்டி இறங்கும். அடியிலுள்ள ஈரத்தை இழுத்து, இரவில் கொஞ்சத்தை மேல்மண்ணில் கசியவிடும், அதைப் பக்கத்துச் செடி குடிக்கும். பெங்களூரில் கேழ்வரகோடு துவரையைச் சேர்த்து நட்டு இதைத்தான் ஆராய்ந்தார்கள். நெருக்கி நட்டால் துவரையே தண்ணீருக்குப் போட்டிக்கு வரும், அதனால்தான் தள்ளித் தள்ளி நட்டிருந்தோம், உங்கள் கண்ணுக்கு அது ஒழுங்கீனமாகத் தெரிந்திருக்கிறது. வெட்டாமல் விட்டிருந்தால் தண்ணீர் குறைவாகத்தானே செலவாகும், நீங்கள் கவலைப்படும் அந்த பில்லும்தான்!

அப்புறம், ஏடிஸ் கொசு என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். துவரை இலையில் கொசு முட்டையிடுமா? கார் பார்க்கில் மழைத் தண்ணீரோடு கிடக்கும் பழைய டயர்கள் பக்கம் உங்கள் மெஷின் ஏனோ போகவில்லை. லிஃப்டைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது, விடுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். மிஞ்சிய அடிக்கட்டைகள் தளிர்க்கும், அவற்றைப் பிடுங்காதீர்கள், மறுபடி துவரையை வெட்டாதீர்கள். மழையில்லாத மாதங்களிலாவது காலையும் மாலையும் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிடுங்கள். தயவுசெய்து. அடுத்த கூட்டத் தேதியை நோட்டீஸ் போர்டில் முன்கூட்டியே ஒட்டினால் தோட்டம் போடுகிற நாங்கள் எல்லாரும் வந்து பேசுகிறோம், பாட்டி உட்பட, அன்றைக்கு லிஃப்ட் ஓடினால்.