நிறுவனங்களையும் விதிக்குள் கொண்டுவாருங்கள்: சுருக்கெழுத்தர் உரிம வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வழக்குகளில் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய உங்களிடம் உரிமம் பெற்றவர்களில் நானும் ஒருத்தி. எங்களுக்கு வேலை ஒதுக்கும் நிறுவனங்களைப் பற்றிய புகார்கள் உங்கள் மேசையிலேயே கிடக்கின்றன. ஆகவே பழையதை விட்டுவிட்டு, அண்மையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு சாட்சியின் வாக்குமூலத்துக்கு நான் சரிபார்த்து, சான்றளித்துக் கையொப்பமிட்ட எழுத்துப்படி அது. பக்கத்துக்கு 25 வரி, விதிப்படி. கட்டணம் பக்கக் கணக்கில் என்பதால், நிறுவனம் ஓரங்களை அகலமாக்கி, வரிகளைக் குறைத்து, பக்கங்களைப் பெருக்கி எதிர்த்தரப்புக்கு விற்றிருக்கிறது. ஒரு வழக்கறிஞர் தம் மனுவில் 88ஆம் பக்கம் 14ஆம் வரியைச் சுட்டுகிறார்; அங்கே சாட்சி "எனக்கு நினைவில்லை" என்கிறார். எதிர்த்தரப்பின் பிரதியில் அதே இடத்தில் இருப்பதோ வேறொரு கேள்வி. இரண்டின் கடைசிப் பக்கத்திலும் என் கையொப்பம்!

விளக்கம் கேட்கப்பட்டது என்னிடம். புகார் பதிவானது என் உரிமத்தின் மேல். நிறுவனத்துக்கு உரிமமே இல்லாததால் அதை விசாரிக்க வழியில்லையாம். நிமிடத்துக்கு 200 சொற்கள் எடுக்கத் தேர்வு வைத்து, ஒரு காற்புள்ளிக்கும் எங்களைப் பொறுப்பாக்குகிறீர்கள். எங்கள் எழுத்தை விற்றுக் காசு பார்ப்பவர்களுக்கு ஒரு விதியும் கிடையாதா?

இந்த நிறுவனங்கள் வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும்; எங்களைக் கட்டும் விதிகள் அவற்றையும் கட்ட வேண்டும். இது நடக்காத காரியமல்ல. சுருக்கெழுத்தர்களுக்குச் சொந்தமில்லாத நிறுவனங்கள் 2022 ஜூலை முதல் பதிவு செய்ய வேண்டும், உரிமம் பெற்ற சுருக்கெழுத்தர் ஒருவரைப் பொறுப்பாளராக வைக்க வேண்டும் என்று கலிபோர்னியா சட்டமே இயற்றியது.

இன்னொன்றும் மனத்தை அறுக்கிறது. எங்களுக்கு வேலை ஒதுக்குபவர்கள் காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு அந்த ஒரு தரப்புக்கு மட்டும் சலுகை விலை கொடுக்கிறார்கள். அந்த இழப்பை எதிர்த்தரப்பின் பிரதியில் ஏற்றுகிறார்கள். விபத்தில் காலை இழந்தவர் தாம் சொன்ன வாக்குமூலத்தின் நகலுக்கே கூடுதலாக அழ வேண்டியிருக்கிறது. இரு தரப்புக்கும் நடுவில் நிற்போம் என்பதுதானே இந்தத் தொழிலின் மானம்? அதை விலைபேச இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். என் கோரிக்கை நிறுவனங்களைப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே. சான்றளித்த படியில், சுருக்கெழுத்தரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் நகரக் கூடாது என்றும் விதி செய்யுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற சுருக்கெழுத்தர் ஒருவர்